சூடேறட்டும், அண்ணி

மேட்டில் லோரியை நிறுத்தினால் அந்தோணி எஞ்சினை அணைக்க மாட்டார். அணைத்தால் திரும்பக் கிளம்பாது, ஆள் பிடித்துத் தள்ள வேண்டும். கோலா தெர்லாவிலிருந்து ஈப்போவுக்குக் காய்கறி இறக்கப் போனவர் திரும்பி வரும்போதெல்லாம், எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து நிறுக்கும் கொட்டகை முன்னால் எஞ்சின் ஓட ஓட நின்று, சன்னல் வழியாகவே ஆஸ்பத்திரிச் சேதி சொல்லிவிட்டுப் போவார். "இன்னிக்குக் கஞ்சி குடிச்சிச்சு அக்கா." "இன்னிக்கு நர்ஸ்கிட்ட சண்டை. அப்ப நல்லாத்தான் இருக்குது." இப்படித்தான். அன்றைக்குக் காலையில் அவர் லோரியை நிறுத்தி, எஞ்சினை அணைத்தார். நான் கையில் இருந்த சாக்கைக் கீழே வைத்தேன். அவர் இறங்கி வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"கலா போன் பண்ணுச்சு அக்கா. உங்களுக்கு லைன் கிடைக்கலையாம்," என்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கலா என் மகள், ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தவள். பிறகு கொட்டகையில் இருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்துதான் அவர் லோரியைத் தள்ளிவிட்டோம்.

போனது என் நாத்தனார் செல்வி. என் வீட்டுக்காரரின் தங்கை. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். அவள் அண்ணன் போன பிறகு, மகளும் கட்டிக்கொண்டு போன பிறகு, தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் நாங்கள் இரண்டு பேரும்தான் மிச்சம். நாத்தனாரும் அண்ணியும் ஒரே அடுப்பில் எத்தனை நாளைக்கு என்று பேசியவர்கள் உண்டு. அவர்களும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள், இருக்கட்டும்.

இந்தப் பதினாறாம் நாள் காரியத்தில் அவளைப் பற்றி நாலு வார்த்தை எழுதி வாசிக்க வேண்டும் என்று அந்தோணிதான் சொன்னார். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பேசுகிற மாதிரியே எழுதியிருக்கிறேன்.

உங்களுக்கெல்லாம் அவளைத் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் செல்வியாகத் தெரியும். ரைஸ் குக்கர் கெட்டால் நம் லயத்தில் யாரும் டவுனுக்குப் போனதில்லை. தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி வீட்டு ரேடியோவும் அவள் கையில்தான் பிழைத்தது. பழுது பார்க்கும்போது அவள் வாய் சும்மா இருக்காது, சாமானையே திட்டுவாள். "எங்கடா ஒளிஞ்சிருக்க? வெளிய வாலா!" என்று, எதற்கும் ஒரு 'லா' சேர்க்கிற நம் ஊர்ப் பேச்சில், ரைஸ் குக்கருக்குள் தலையை விட்டுக்கொண்டு அதட்டுவாள். கேட்பவர்கள் உள்ளே எலி இருக்கிறது என்று நினைப்பார்கள்.

என் வீட்டுக்காரர் கல்யாணங்களிலும் நம் மாரியம்மன் கோயில் திருவிழாவிலும் வாசித்த பெட்டி எங்கள் வீட்டுச் சுவரோரம் இருந்தது. சிந்தசைசர் என்பது அதன் பெயர். நாங்கள் பெட்டி என்றுதான் சொல்வோம். இப்போது வருகிற கீபோர்டுகளில் பொத்தானை அழுத்தினால் புல்லாங்குழல், அழுத்தினால் வயலின். அவர் பெட்டியில் அப்படி எதுவும் கிடையாது. வரிசை வரிசையாகக் குமிழ்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் திருகித் திருகித்தான் ஒரு குரலைக் கொண்டுவர வேண்டும். பெட்டிக்கு ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெரியாது. குமிழ் நிற்கும் இடம்தான் ஞாபகம். கடைசியாக அவர் வாசித்த திருவிழாவில் வைத்த குரல் அப்படியே அந்தக் குமிழ்களில் நின்றது. நாகசுரத்தில் பாதி, புல்லாங்குழலில் பாதி, கொஞ்சம் மூக்கால் பாடுகிற மாதிரி ஒரு குரல். ரதம் கிளம்பும்போது அதில்தான் வாசிப்பார். "அண்ணனுக்குச் சளி பிடிச்சா பெட்டிக்கும் பிடிக்குமா?" என்று செல்வி கேலி செய்வாள்.

அவர் போன பிறகு நான் அந்தப் பெட்டியைத் துடைக்கும்போது குமிழ்களைச் சுற்றித்தான் துடைப்பேன். ஒன்றின் மேலும் விரல் பட விட்டதில்லை. ஆனால் பெட்டி ஊமையாகிவிட்டது. மலைக்குளிரும் ஈரமும் விரல் வைத்து வாசிக்கிற கட்டைகளுக்கு அடியில் இருந்ததையெல்லாம் தின்றுவிட்டன. மிச்சத்தை எலி பார்த்துக்கொண்டது. செல்வி திறந்து பார்த்துவிட்டு, "தொண்டை நல்லா இருக்கு அண்ணி. விரல்தான் போச்சு," என்றாள். அந்தக் கட்டைகளுக்கு இப்போது சாமான் கிடைக்காது. வேறொரு பெட்டியின் கட்டைகளில் வாசித்து, வயர் வழியாக இதைப் பாட வைக்கலாம் என்று சொன்னாள். அண்ணன் குரலை இன்னொரு தடவை ரதத்துக்கு முன்னால் கேட்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். அப்போதே அவளுக்கு வயிற்றுவலி தொடங்கியிருந்தது. என்னிடம் சொல்லவில்லை.

இன்னொரு பெட்டி அந்தோணியிடம் இருந்தது. இளவயசில் அவர் பிரிஞ்சாங் டவுனில் ஒரு ஹோட்டலில் வாசித்தவர். பாட்டுக் கச்சேரியை நிறுத்தியபோது ஹோட்டல்காரர்கள் பெட்டியை அவரிடமே கொடுத்துவிட்டார்கள். அது முட்டைக்கோசுக் கூடைகளுக்கு அடியில் கிடந்தது. பக்கத்து வீட்டுக் காளியம்மா, "அந்தோணி பெட்டியிலேயே வாசிச்சா போதாதா? எதுக்கு இம்புட்டு வயரு?" என்று கேட்டாள். செல்வி சொன்னாள்: "அது அந்தோணி அண்ணன் குரல் அக்கா. அதைத்தான் தினமும் லோரியில கேக்கிறோமே."

முதல் நாள் இரண்டு பெட்டிகளையும் வயர் போட்டு இணைத்ததை என்னால் மறக்க முடியாது. சுவிட்சைப் போட்டதும் என் வீட்டுக்காரர் பெட்டி கத்தத் தொடங்கியது. யாரும் கட்டையைத் தொடவில்லை. ஊ என்று ஒரே இழுப்பு. லயத்தில் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். காளியம்மா விபூதித் தட்டோடு வந்தாள். அந்தோணி பயந்துபோய் ஒரு கட்டையை அழுத்தினார். கத்தல் நின்றது. விரலை எடுத்தார். மறுபடி ஊ.

செல்வி தரையில் உட்கார்ந்து சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும். "அண்ணனேதான் அண்ணி! பேசுன்னா பேசமாட்டான். சும்மா இருன்னா பாடுவான்."

அவர் அப்படித்தான் இருந்தார். நானும் சிரித்தேன். அவர் போன பிறகு அந்தப் பெட்டிக்கு முன்னால் நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஹோட்டல் பெட்டி, கட்டையை அழுத்தினால் கரண்டை அனுப்பி "பாடு" என்று சொல்லும். என் வீட்டுக்காரர் பெட்டியோ வயரில் கரண்டு இல்லாமல் போனால்தான் "பாடு" என்று எடுத்துக்கொள்ளும். இரண்டு கம்பெனிக்காரர்கள் ஆளுக்கொரு முறையை வைத்துக்கொண்டு செய்தார்களாம். அதைத் திருப்பிப் போடுவது செல்விக்குச் சின்ன வேலை. சனிக்கிழமை தொடங்கினாள், ஞாயிற்றுக்கிழமை பெட்டி அழுத்தினால் பாடியது, விட்டால் அடங்கியது.

பெரிய சிக்கல் சுருதியில் இருந்தது. அந்தோணி கீழ்க் கட்டையிலிருந்து மேலே ஏறி வாசித்தால், என் வீட்டுக்காரர் பெட்டி கூடவே ஏறும், ஆனால் போகப் போகப் படி குறுகிவிடும். மேல் சட்ஜம் வர வேண்டிய இடத்தில் பாதி வழியிலேயே மூச்சு வாங்கி நின்றுவிடும். கேட்கச் சகிக்காது. ஏன் என்று கேட்டேன்.

"ஹோட்டல் பெட்டி படிக்கட்டு மாதிரி அண்ணி. ஒரு ச-விலேருந்து அடுத்த ச-வுக்கு ஒரு வோல்ட் கூட்டும். அதுக்கடுத்த ச-வுக்கு இன்னும் ஒண்ணு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அண்ணன் பெட்டிக்கு அது பத்தாது. ஒவ்வொரு தடவையும் இருக்கிறதுல இன்னொரு மடங்கு வேணும். ஒண்ணு, ரெண்டு, நாலு, எட்டு."

"உங்க அண்ணன் சோறு வாங்கிற மாதிரி," என்றேன்.

"அதேதான்லா! ஹோட்டல் பெட்டி மூணாவது கரண்டியோட நிறுத்திட்டு, போதும் எந்திரின்னா, அவன் எந்திரிப்பானா?"

ஒன்று ஒன்றாகக் கூடி வருவதை வாங்கி மடங்கு மடங்காகக் கொடுக்கிற ஒரு சாமான் நடுவில் வேண்டும். அதைச் செய்யும் வழியைத் தேடி அவள் வேலை விட்டதும் ரோட்டு வளைவுக்குப் போவாள். நம் தோட்டத்தில் போனுக்கு லைன் கிடைப்பது அங்கேதான். தூறலில் குடையைப் பிடித்துக்கொண்டு போன் வீடியோவில் யார் யாரோ பேசுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். "இந்த வயசுல மாப்பிள்ளை பாக்குறியாடி?" என்று காளியம்மா கேட்டதற்கு, "ஆமாக்கா, ரெண்டு பேரு வேணும், ஜோடியா," என்றாள்.

அது பொய்யில்லை. அவள் தேடியது ஜோடியைத்தான். மூன்று கால் வைத்த பொடிச் சாமான், டிரான்சிஸ்டர் என்பாள். அதில் இரண்டு, ஒன்றைப் போல ஒன்று நடந்துகொள்கிற மாதிரி கிடைக்க வேண்டும். பார்க்க எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும், மீட்டரில் வைத்தால் ஒவ்வொன்றும் ஒரு குணம். பிரிஞ்சாங் பசார் மாலாமில், அந்த ராத்திரிச் சந்தையில், செத்த ரேடியோக்களாக வாங்கி வந்து, அதிலிருந்து எல்லாவற்றையும் பிடுங்கி ஒரு தட்டில் போட்டாள். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அவள் மீட்டரில் வைத்துப் பார்த்தாள். சாயங்காலம் பூராவும் பார்த்தும் ஒரு ஜோடி சேரவில்லை. முதலில் ஒன்று சொன்ன சாமான், திருப்பி வைத்தால் வேறொன்று சொன்னது. செல்விக்குக் கோபம் வந்துவிட்டது. மீட்டரைத் தட்டினாள், பேட்டரியை மாற்றினாள். அப்புறம் என் கையைப் பார்த்தாள்.

குளிருக்காக நான் சுடு தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோப்பையை வைத்துவிட்டு அதே விரலால் சாமானை எடுத்துக் கொடுப்பேன், மறுபடி கோப்பையைப் பிடிப்பேன். நம் மலையில் யார்தான் அப்படிச் செய்யாதவர்கள்?

"அண்ணி! நீங்கதானா அது! உங்க கைச்சூட்டுல எல்லாம் பொய் சொல்லுதுலா!"

அன்று முதல் நான் துணி மாட்டுகிற கிளிப்பால்தான் எடுத்துக் கொடுத்தேன். ஜோடியும் கிடைத்தது. கிடைத்த இரண்டையும் அவள் முகத்தோடு முகம் வைத்து, நடுவில் பசை தடவி, நான் கோயிலுக்குப் பூக் கட்டுகிற நூலை வாங்கி இறுக்கச் சுற்றினாள். ஏன் இப்படிக் கட்டுகிறாய் என்றேன். "ரெண்டுக்கும் ஒரே சூடு இருக்கணும் அண்ணி. தனித்தனியா இருந்தா ஒண்ணுக்குக் குளிரும், ஒண்ணுக்குக் குளிராது. அப்புறம் சுதி நிக்காது," என்றாள். சொல்லிவிட்டு, அடுப்படியில் இருந்த என் சுவெட்டரை எடுத்து என் மேல் போட்டாள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அவளிடம் கேட்டிருந்தால் திட்டியிருப்பாள்.

அந்தச் சாமான்களையெல்லாம் இருமல் மிட்டாய் வந்த ஒரு தகர டப்பாவுக்குள் வைத்து மூடினாள். உள்ளே இரண்டு சின்னத் திருகுகள். அவற்றைத் திருகித்தான் சுருதி சேர்க்க வேண்டும். இரண்டு பெட்டிகளையும் போட்டு, மேலே கம்பளியைப் போர்த்தி, நன்றாகச் சூடேறும் வரைக்கும் காத்திருப்பாள். எனக்குப் பொறுமை இருக்காது. "போதும்டி, வாசிக்கச் சொல்லு," என்பேன். அவள் எப்போதும் ஒரே பதில்தான் சொல்வாள்: "சூடேறட்டும், அண்ணி. சூடேறாம சுதி கேக்கக் கூடாது." கோபத்தில் யாராவது வந்து நின்றாலும் இதைத் திருப்பிப் போட்டுச் சொல்வாள்: "அவன் ஆறட்டும் அண்ணி, அப்புறம் சுதி கேப்போம்."

அந்தோணிக்குப் புரியாத ஒரு விஷயம் இருந்தது. என் வீட்டுக்காரர் பெட்டியின் முன்பக்கத்திலேயே சுருதிக்கு ஒரு குமிழ் உண்டு. "அதைக் கொஞ்சூண்டு திருப்புனா வேலை முடிஞ்சுது. எதுக்குத் தங்கச்சி டப்பாவுக்குள்ள ஊசி மாதிரி நோண்டுற?" என்று கேட்டார். செல்வி தலையை நிமிர்த்தவில்லை. "அண்ணன் கை கடைசியா வச்ச இடம் அண்ணே. திருப்பிட்டா திரும்ப எங்க போயித் தேடுறது? நாமதான் அவன் பக்கம் போகணும்."

திருவிழாவுக்கு முன்னால் அவள் வலியை என்னால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஈப்போவுக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் உள்ளே கட்டி இருக்கிறது என்று சொன்னார், தாமதமாகிவிட்டது என்றும் சொன்னார். திரும்பி வரும்போது லோரியில் அந்தோணிக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். திரிங்காப் தாண்டும்போது பூத்தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே, "திருவிழாவுக்கு எவ்வளவு நேரத்துக்கு முன்னாடி கோயில்ல கரண்டு குடுப்பாங்க, கேட்டு வைங்க அண்ணே," என்றாள். எனக்கு அழ வேண்டும் போல் இருந்தது. அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

திருவிழா சாயங்காலத்தை நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். ஆனால் நடந்தது என்ன என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். செல்வியை நாற்காலியில் வைத்துக் கம்பளி போர்த்தியிருந்தோம். பெட்டிகளுக்கும் டப்பாவுக்கும் கம்பளி. மதியத்திலிருந்தே இரண்டையும் போட்டு வைத்திருந்தாள். அந்தோணி தொட்டுப் பார்த்தார், சுருதி சுத்தமாக இருந்தது. அப்போதுதான் மலையிலிருந்து மூடுபனி இறங்கியது. பந்தல் நாலு பக்கமும் திறந்து கிடந்தது. அம்மனை ரதத்தில் ஏற்றிக் கற்பூரம் காட்டினார்கள். வாசிப்பதற்காகக் கம்பளியை எடுத்தோம். என் வீட்டுக்காரர் வாசிக்கிற மெட்டை அந்தோணி தொடங்கினார்.

கீழே நன்றாக இருந்தது. அதே மூக்குக் குரல். மெட்டு மேலே ஏறியதும் சுருதி நழுவத் தொடங்கியது. கொஞ்சம்தான், ஆனால் கேட்டது. முன்னால் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்தோணி ஒரு கையால் வாசித்துக்கொண்டே மறு கையை என் வீட்டுக்காரர் பெட்டியின் குமிழுக்குக் கொண்டுபோனார்.

"அண்ணே! அதுல கை வைக்காதீங்க!" அத்தனை பலம் அவளுக்கு எங்கிருந்து வந்ததோ. உடனே என் பக்கம் திரும்பினாள். "அண்ணி, டப்பாவை எடுங்க. ரெண்டு கையாலயும் மூடிப் பிடிங்க."

நான் கோயில் அடுப்படியில் வாங்கிய சுடு தேநீரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். "பிடிக்கக் கூடாதுன்னு நீதானடி சொன்ன?"

"அது அப்ப. இப்பப் பிடிங்கலா!"

கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு டப்பாவை எடுத்தேன். தகரம் ஐஸ் மாதிரி இருந்தது. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. அந்தோணி மேலே போகாமல் கீழ்க் கட்டைகளிலேயே சுற்றிச் சுற்றி வாசித்து நேரத்தைக் கடத்தினார். செல்வி அவருக்குக் கையைக் காட்டி நிறுத்தி வைத்திருந்தாள், சூடேறட்டும் என்கிற மாதிரி. அப்புறம் தலையை ஆட்டினாள். அவர் ஏறினார். மேல் சட்ஜம் வந்தது. அசையாமல் வந்தது. ரதம் கிளம்பியது.

மெட்டு முடிகிற வரைக்கும் நான் டப்பாவை விடவில்லை. ரதம் வளைவில் திரும்பியபோது செல்வி என் முந்தானையை இழுத்தாள். "கேட்டீங்களா அண்ணி? இன்னும் சளி போகல அவனுக்கு," என்றாள். சிரித்தாள். என் வீட்டுக்காரரின் குரலைக் கேட்டு நான் அழுதது அப்போதுதான்.

அதற்குப் பிறகு அவள் வீட்டில் இருந்தது கொஞ்ச நாள்தான். ஈப்போவுக்குக் கிளம்புகிற அன்றைக்கு டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தாள். எப்படித் திருக வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் சொல்லவில்லை. மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள்.

இந்தக் காரியத்துக்காக நேற்றுச் சாயங்காலம் அந்தோணி தன் பெட்டியை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். காரியத்தன்று வாசிக்கலாம், ஒரு தடவை பார்த்துக்கொள்வோம் என்றார். வயர்களை மாட்டினோம். சுருதி எங்கேயோ கிடந்தது. மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "உள்ள திருகு இருக்கு அக்கா. கொஞ்சம் திருப்பிப் பாக்கட்டுமா?" என்று கேட்டார். உள்ளே என் பூக் கட்டும் நூல் சுற்றிய அந்த ஜோடி இருந்தது. பக்கத்தில் இரண்டு திருகுகள், அவள் விட்ட இடத்தில் நின்றன.

"வேணாம் தம்பி. மூடுங்க. சூடேறட்டும்," என்றேன்.

கம்பளியைப் போர்த்திவிட்டு, தேநீர் போட்டு, இரண்டு பேரும் குடித்தோம். பிறகு டப்பாவைக் கையில் எடுத்தேன். அந்தோணி கட்டையில் ஏறினார், மேல் சட்ஜம் சேர்ந்து வந்தது.

செல்வியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான். பெட்டியில் குமிழ்கள் என் வீட்டுக்காரர் வைத்த இடத்தில் இருக்கின்றன. டப்பாவில் திருகுகள் அவள் வைத்த இடத்தில் இருக்கின்றன. இரண்டையும் நான் திருப்ப மாட்டேன், யாரையும் திருப்ப விடவும் மாட்டேன். என்னால் கொடுக்க முடிந்தது கைச்சூடுதான். அது இருக்கிற வரைக்கும் அண்ணனும் தங்கையும் சுருதி சேர்ந்துதான் இருப்பார்கள்.